மெயின் ரோட்டில் ஒரு படகு

“வாசிங்க,” என்றார் ஜெயிலர்.

பதிப்பகத்திலிருந்து வந்திருந்த கத்தரிக்கோல் திகைத்தார். வந்தோமா, கையெழுத்தை வாங்கினோமா, போனோமா என்று இருந்துவிடலாம் என்ற நினைப்போடு வந்தவர் அவர். அனுமதிப் பத்திரத்தில் கையெழுத்து எங்கே விழ வேண்டும் என்று பென்சிலால் பெருக்கல் குறிகூடப் போட்டு வைத்திருந்தார். ஜெயிலரோ அந்தக் காகிதத்தை ஒற்றை விரலால் மேஜையின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, கட்டாக இருந்த நாவலைக் காட்டினார்.

“முதல் அத்தியாயம். நடுவுல நான் சொல்ற இடம். அப்புறம் கடைசி அத்தியாயம். வாய்விட்டு வாசிங்க. நான் கேக்கறேன்.”

மனிதருக்குக் கண்ணில் கோளாறு போலிருக்கிறது என்று கத்தரிக்கோல் நினைத்துக்கொண்டார். மூக்கின்மேல் உட்கார்ந்திருந்த தடித்த கண்ணாடி அதற்குச் சாட்சி சொன்னது.

கத்தரிக்கோல் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. பதிப்பகத்தில் கூட வேலை பார்ப்பவர்கள் வைத்தது. அங்கே வருகிற கதைகளைத் திருத்தி அச்சுக்கு அனுப்புவது அவர் வேலை. எந்த வாக்கியத்தைக் கொடுத்தாலும் அதில் இரண்டு சொல் அதிகம் என்பார். ஒருமுறை மனைவி, “மறக்காமல் பால் வாங்கி வரவும்” என்று எழுதிக் கொடுத்த சீட்டில், ‘மறக்காமல்’ வீண் என்று அடித்துவிட்டு, பாலை மறந்துவிட்டு வீடு வந்து சேர்ந்தவர். அதற்கு அந்த அம்மாள் சொன்ன பதிலில் மட்டும் ஒரு சொல்லைக்கூட அவரால் வெட்ட முடியவில்லை.

இன்றைய வம்புக்கு மூலகாரணம் ‘எதிர்க்கரை’ என்கிற பழைய இசை நாடகம். பாட்டுக் கேட்கிற குடும்பங்களில் அதைத் தெரியாதவர்கள் கிடையாது. ஆற்றின் இரண்டு கரையிலும் ஒன்றுக்கொன்று ஆகாத இரண்டு ஊர். இந்தக் கரையில் ஓடக்காரன் மகள் பாடுவாள். எதிர்க்கரையிலிருந்து வியாபாரி மகன் பதில் பாடுவான். கடைசியில் அவளைத் தேடி வருகிற பையன் வெள்ளத்தில் படகோடு போய்விடுவான். அவள் கரையில் தனியாக நின்று பாட, திரை விழும். கல் நெஞ்சும் கரைந்துவிடும்.

அதே கதையை இந்தக் காலத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் காதலாக மாற்றி எழுதிய நாவல்தான் இப்போது கத்தரிக்கோலின் மடியில் இருந்தது. பெயர் ‘சிக்னலில் ஒரு குயில்’. ஆறு இருந்த இடத்தில் மெயின் ரோடு. இரண்டு கரைக்குப் பதில் எதிரெதிரே இரண்டு பள்ளிக்கூடம். ஓடம் போய், பள்ளி வேன் வந்துவிட்டது. வேன்காரர் மகள் மாடி வகுப்பில் பாட, எதிர்ப் பள்ளிப் பையன் ஆய்வகத்தில் எதையாவது கொட்டிக் கவிழ்த்துக்கொண்டு அதைக் கேட்பான். முடிவுதான் பெரிய மாற்றம். யாரும் சாவதில்லை; பையன் ரோட்டைக் கடந்து வந்துவிடுவான்.

எழுதியவர் பெயர் ‘மின்மினி’. ஆளை யாரும் பார்த்ததில்லை. கதை வந்தது, பேச்சு நடந்தது, சண்டை நடந்தது, எல்லாமே மின்னஞ்சலில்தான். கல்லூரி முதல் வருடம் படிக்கிற பெண்ணாக இருக்கும் என்று பதிப்பகத்தில் எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். ஒவ்வொரு கடிதத்திலும் சொல்ல வேண்டியதை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிட்டுத்தான் எழுதுவாள். “இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு என்ன ஒழுங்கு பாருங்க,” என்று முதலாளியம்மா பூரித்துப் போனார். நாடக ஆசிரியரின் வாரிசிடம் அனுமதி வாங்க வேண்டுமே என்று கேட்டதற்கு, “அது கிடைக்கும். கவலை வேண்டாம்” என்று ஒரு வரியில் பதில் வந்தது. இளங்கன்று பயமறியாது என்று அன்றைக்கு அலுவலகமே சிரித்தது.

ஏனென்றால் அந்த வாரிசு, ஓய்வுபெற்ற ஜெயிலர். நாடகம் எழுதியவரின் ஒரே மகன். ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழாவில் நாடகத்தின் ஒரு காட்சியைப் போட்டதற்காக வக்கீல் நோட்டீஸ் விட்டவர். சினிமாக்காரர்களை வாசல் கேட்டோடு திருப்பி அனுப்பியவர். யார் போய்க் கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான்: எங்கப்பா எழுதினதை ஒருத்தரும் தொட வேண்டாம்.

இதெல்லாம் தெரிந்தும், கத்தரிக்கோல் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார். அனுமதி கேட்கும் பொறுப்பை முதலாளியம்மா அவரிடம் விட்டிருந்தார். அவர் பயந்து பயந்து போன் செய்தார். மறுமுனையில், “கொண்டு வாங்க, பார்க்கலாம்,” என்று ஒரு கட்டைக் குரல் சொல்லி வைத்துவிட்டது. முதலாளியம்மாவிடம் போய், “சரின்னுட்டார்,” என்றார் கத்தரிக்கோல். ஒரு முழு உரையாடலையே ஒற்றைச் சொல்லாகச் சுருக்கிய அந்தத் திருத்தம் அவருக்கு அப்போது பெரிய தவறாகப் படவில்லை.

அதை நம்பி அட்டை அச்சாகிவிட்டது. விளம்பரம் போய்விட்டது. இன்று காலை, பத்திரம் எங்கே என்று முதலாளியம்மா கேட்டபோதுதான் குட்டு உடைந்தது. சாயங்காலத்துக்குள் கையெழுத்தோடு வந்தால் வேலைக்கு வரலாம், இல்லாவிட்டால் வர வேண்டாம் என்று அந்த அம்மாள் குரலை உயர்த்தாமல் சொன்னார். குரல் உயராததுதான் அவருக்குக் கிலியாக இருந்தது. வேறு எந்த வேலையும் தெரியாத மனிதர். வீட்டில் மகள் கல்லூரிக்குப் போகிறாள்.

இப்போது அவர் சட்டைப் பையில் கைபேசி விட்டு விட்டு அதிர்ந்துகொண்டிருந்தது. அச்சகத்திலிருந்துதான். மெஷின் காலியாக நிற்கிறது என்று சொல்வதற்காக இருக்கும்.

கூடத்தில் நாற்காலிகள் எல்லாம் சுவரை ஒட்டி ஒரே வரிசையில் நின்றன. சுவரில் நாடக ஆசிரியரின் படம். ஆர்மோனியத்தின்மேல் கை வைத்தபடி அவர் நேராகக் கத்தரிக்கோலையே பார்த்துக்கொண்டிருந்தார். படத்துக்குக் கீழே மகன். தலைமுடி படிய வாரி, விறைப்பான வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். காலர் ஓரத்தில் கடையில் குத்திய குண்டூசி ஒன்று எடுக்கப்படாமல் மின்னியது. மனிதர் எங்கேயோ விசேஷத்துக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறார், நல்ல நேரம் பார்த்து வந்து சேர்ந்தோம் என்று கத்தரிக்கோல் நொந்துகொண்டார். குண்டூசியைச் சொல்லலாமா என்று யோசித்தார். ஜெயிலரின் மீசையைப் பார்த்ததும் அந்த யோசனையைக் கைவிட்டார்.

முதல் பக்கத்தைப் புரட்டினார். ‘மெயின் ரோட்டு சிக்னலில் சிவப்பு விழுந்து, ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அந்த ஒரு நிமிடம்தான் அவளுக்கு உலகத்திலேயே பிடித்த நிமிடம்’ என்று இருந்தது. வாய் திறப்பதற்குள் பழக்கம் முந்திக்கொண்டது.

“மெயின் ரோட்டு சிக்னலில் சிவப்பு விழும் நேரம் அவளுக்குப் பிடிக்கும்,” என்று வாசித்தார்.

ஜெயிலரின் ஒரு புருவம் மட்டும் ஏறியது. “அவ்வளவுதானா?”

“அவ்வளவுதாங்க ஐயா.”

“அப்படித்தான் எழுதியிருக்கா?”

“ஆமாங்க ஐயா.”

திருத்துகிறவர்களின் கண் எப்போதும் வாயைவிட ஒரு வரி முன்னால் ஓடும். கத்தரிக்கோலின் கண் அடுத்த வரிக்கு ஓடி, அங்கே ‘அப்பாவின் வேன்’ நிற்பதைப் பார்த்துவிட்டது. ஊர் உலகமெல்லாம் கொண்டாடின ஓடத்தைத் தூக்கிவிட்டு ஒரு மஞ்சள் வேனைக் கொண்டுவந்து நிறுத்தினால், இந்த மனிதர் சும்மா விடுவாரா? முதல் பக்கத்திலேயே எழுந்து போய்விட்டால் கையெழுத்துக்கு எங்கே போவது? இந்த ஒரு சொல்லை மட்டும் மாற்றிச் சமாளித்துவிடலாம் என்று தோன்றியது.

“அப்போது அவள் அப்பாவின்… படகு வந்து நின்றது.”

ஜெயிலர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “எங்கே வந்து நின்னுது?”

“சிக்னல்லங்க ஐயா.”

“படகு.”

“ஆமாங்க.”

“மெயின் ரோட்டுல.”

“அன்னிக்கு நல்ல மழைங்க ஐயா.”

நாற்காலிக் கைப்பிடியில் ஜெயிலரின் விரல்கள் ஒருமுறை விரிந்து மூடின. கத்தரிக்கோலுக்கு ஆழம் தெரியாமல் காலை விட்டுவிட்டோமோ என்று உறைத்தது. ஆனால் விட்ட காலை எடுக்க வழியில்லை. ரோட்டில் ஒரு படகை இறக்கிவிட்டால் அதற்குத் தண்ணீர் விட வேண்டும். தண்ணீர் விட்டுவிட்டால் மற்றதெல்லாம் மிதக்க வேண்டும். அடுத்த வரியில் பின்னால் நின்ற லாரி ஹாரன் அடித்தது. அவர் வாசிப்பில் பின்னால் வந்த கப்பல் சங்கு ஊதியது. போக்குவரத்துக் காவலர் கலங்கரை விளக்கத்தில் ஏறிக்கொண்டார். சீருடை போட்ட பிள்ளைகள் புத்தகப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு துடுப்புப் போட்டுப் பள்ளிக்கூடம் போனார்கள்.

அந்த நேரத்தில் ஜெயிலரின் மருமகள் தேநீரோடு வந்தாள். கப்பல் சங்கு ஊதிய இடத்தில் உள்ளே நுழைந்தவள், “ரோட்டுல கப்பலா?” என்று கேட்கப்போய், மாமனாரின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டாள். பிறகு கத்தரிக்கோலை ஒரு பார்வை பார்த்தாள். மருத்துவமனையில் பக்கத்துப் படுக்கைக்காரரைப் பார்க்கிற பார்வை அது. தம்ளரை வைத்துவிட்டு உள்ளே போகாமல் வாசற்படி ஓரமாகவே நின்றுகொண்டாள்.

“இதை எழுதினது யாரு?” என்று கேட்டார் ஜெயிலர்.

“மின்மினின்னு ஒரு பொண்ணுங்க ஐயா.”

“ஆளு எப்படி?”

இது கத்தரிக்கோலுக்கு எதிர்பாராத கதவாகத் திறந்தது. கோபம் நாவல்மேல் வந்தால் அனுமதி போய்விடும். எழுதினவள்மேல் திருப்பிவிட்டால்? முகம் தெரியாத பெண். அவளுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. பழியைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டார். சின்னப் பெண், அனுபவம் போதாது, தலைக்கனம் மட்டும் தாராளமாக இருக்கிறது, ஒரு சொல்லை மாற்றினால்கூட ஒன்று, இரண்டு என்று எண் போட்டுச் சண்டைக்கு வருவாள், எழுத்து சுமார்தான் என்று அடுக்கினார். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை.

“நாங்கதாங்க ஐயா உக்காந்து செதுக்கிச் செதுக்கி இந்த அளவுக்காவது கொண்டு வந்திருக்கோம். கால்வாசி வெட்டியாச்சு.”

“கால்வாசி,” என்றார் ஜெயிலர்.

“இன்னும்கூட வெட்டலாங்க.”

ஜெயிலர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் மெதுவாகத் துடைத்தார். வாசற்படியில் நின்ற மருமகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கு இருமல் என்று கத்தரிக்கோல் நினைத்தார்.

“பதினோராவது அத்தியாயத்தை எடுங்க,” என்றார் ஜெயிலர்.

ஏன் பதினொன்று என்று கத்தரிக்கோலுக்குப் புரியவில்லை. எந்த அறையை எப்போது சோதனை போடுவார்கள் என்று கைதிக்குத் தெரியாமல் வைத்திருந்த பழக்கமாக இருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டார். பக்கத்தைப் புரட்டியதும் அவர் கை ஒரு கணம் தயங்கியது.

அந்த முழு நாவலில் அவர் பேனா படாத அத்தியாயம் அது ஒன்றுதான். மகள் மாடியில் பாடிப் பழகுகிறாள். வேன்காரர் கீழே தெருவில் காத்திருக்கிறார். அவருக்குச் சங்கீதம் தெரியாது. பாட்டு சரியாகக் கேட்கவில்லை என்று இன்ஜினை அணைக்கிறார். பிறகு விசிறியை அணைக்கிறார். கடைசியில், டிக் டிக் என்கிறதே என்று கைக்கடிகாரத்தைக் கழற்றி இருக்கைக்கு அடியில் வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். இதைப் படித்த அன்று கத்தரிக்கோல் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அலுவலகக் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். அவருக்கும் ஒரு மகள் இருக்கிறாள். அவளுக்காக அவர் எதையும் அணைத்துவைத்ததில்லை.

இதையாவது அப்படியே வாசித்துவிட வேண்டும் என்று மனம் கெஞ்சியது. ஆனால் வேன்தான் முதல் அத்தியாயத்திலேயே படகாகிவிட்டதே. படகில் ஏது இன்ஜின், ஏது விசிறி? அவர் துடுப்பை நிறுத்தினார். பாயை இறக்கினார். கைக்கடிகாரத்தை வைக்க இருக்கையும் இல்லாததால் அதைத் தண்ணீரில் போட்டார். தன் கையாலேயே அந்த இடத்தைக் கெடுத்தபோது அவருக்கு நிஜமாகவே நெஞ்சு வலித்தது.

ஜெயிலர் முதல்முறையாகக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“நீங்க முதல் தடவை படிச்சப்ப, இந்த இடத்துல உங்களுக்கு அழுகை ஏதாவது வந்துதா?”

ஆமாம் என்று சொல்லத்தான் கத்தரிக்கோலின் வாய் திறந்தது. சுவரிலிருந்த ஆர்மோனியக்காரர் முறைத்தார். நாடகம் எழுதினவரின் மகன் முன்னால், இந்த நாவலைப் படித்து அழுதேன் என்று சொன்னால் என்ன ஆகும் என்று புத்தி குறுக்கே விழுந்தது.

“இதுக்கெல்லாம் யாருங்க ஐயா அழுவாங்க? உங்கப்பா நாடகம் மாதிரி வருமா?”

ஜெயிலரின் முகத்தில் ஏதோ ஒன்று சட்டென்று அணைந்தது. அவர் கையை நீட்டினார். “அந்தத் தாளை இப்படிக் கொடுங்க.”

கத்தரிக்கோல் தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். கொடுத்தால் வேன் தெரியும், இன்ஜின் தெரியும், விசிறி தெரியும். கொடுக்காவிட்டால் இன்னும் மோசம். எழுந்தார். தடுமாறுவதுபோல நடித்து, முழங்கையால் தேநீர்த் தம்ளரைத் தட்டிவிட்டார். தேநீர் பதினோராம் அத்தியாயத்தின்மேல் பாய்ந்து, பன்னிரண்டையும் நனைத்துவிட்டு, மிச்சம் அவர் மடியில் இறங்கியது. சூடு நிஜமாகவே இருந்ததால் அலறல் மட்டும் நடிப்பில்லாமல் வந்தது.

மருமகள் துணியோடு ஓடி வந்தாள். ஆனால் அவளுக்கு முன்னால் ஜெயிலர் பாய்ந்துவிட்டார். அந்த வயதில் அப்படி ஒரு வேகத்தைக் கத்தரிக்கோல் எதிர்பார்க்கவில்லை. நனைந்த தாள்களை ஒவ்வொன்றாக ஓரம் கசங்காமல் பிரித்தெடுத்து, தரையில் மின்விசிறிக்கு நேராகப் பரப்பி வைத்தார். எந்தத் தாளும் பறக்காமல் நான்கு மூலையிலும் எதையாவது பாரம் வைத்தார். மை கரைந்து ஓடியிருந்த ஒரு தாளை மட்டும் உள்ளங்கையில் ஏந்தி வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

அப்பாவின் கதை என்றால் மனிதருக்கு எவ்வளவு பக்தி என்று வியந்தார் கத்தரிக்கோல். இப்படிப்பட்டவரிடம் போய், முடிவில் பையன் பிழைத்துக்கொள்கிறான் என்று எப்படி வாசிப்பது? ஈரமான கால்சட்டையோடு உட்கார்ந்தபடி அவர் மனதுக்குள் முடிவெடுத்துவிட்டார். பையனைக் காப்பாற்ற இனி யாராலும் முடியாது.

“கடைசி அத்தியாயம்,” என்றார் ஜெயிலர். இப்போது அவர் உட்காரவில்லை.

நாவலில் அந்த இடம் இப்படி இருந்தது: பச்சை விளக்கு எரிகிறபோதே பையன் ரோட்டில் இறங்கிவிடுகிறான். வண்டிகள் ஒவ்வொன்றாக நிற்கின்றன. எதிரே வருகிற முதல் வண்டியே அவள் அப்பாவின் வேன். அவர் இன்ஜினை அணைக்கிறார். அவரைப் பார்த்து எல்லா வண்டிகளும் அணைகின்றன. மெயின் ரோடு முதல்முறையாகச் சத்தமில்லாமல் நிற்க, பையன் நடந்து எதிர்ப்பக்கம் வந்து சேர்கிறான்.

கத்தரிக்கோல் வெள்ளத்தை வரவழைத்தார். காற்றையும் கூட்டிக்கொண்டார். பையனைப் படகில் ஏற்றினார். ஒரு பெரிய அலையைக் கொண்டுவந்து, வங்கிக்கும் மருந்துக்கடைக்கும் நடுவில் படகைக் கவிழ்த்தார்.

“கவிழ்ந்துடுச்சா?” என்றார் ஜெயிலர்.

“கவிழ்ந்துடுச்சுங்க ஐயா.”

“பையன்?”

“போயிட்டாங்க.”

“அந்தப் பொண்ணு?”

“தனியா நின்னு பாடுதுங்க. அதோட முற்றும்.”

ஜெயிலர் ஜன்னல் பக்கம் போய் முதுகைக் காட்டி நின்றார். காலரில் இருந்த குண்டூசி வெயிலில் பளபளத்தது. அவர் தோள் லேசாகக் குலுங்கியது. கத்தரிக்கோலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அழுகிறார். வென்றாகிவிட்டது.

“நான் சின்னப் பையனா இருந்தப்ப எங்கப்பா நாடகத்தோட முடிவைப் பார்த்துட்டு அழுத அழுகை, எங்க தெருவுக்கே தெரியும்,” என்றார் ஜெயிலர், திரும்பாமலேயே.

“அந்த அழுகையை அப்படியே காப்பாத்திட்டோங்க ஐயா.”

“காப்பாத்திட்டீங்க.”

அவர் மேஜைக்கு வந்தார். ஓரமாகக் கிடந்த பத்திரத்தை எடுத்தார். பேனா மூடியைத் திறந்துவிட்டு, எழுதாமல் கத்தரிக்கோலைப் பார்த்தார். பையில் கைபேசி மறுபடி அதிர்ந்தது.

“ரெண்டு நிபந்தனை. ஒண்ணு, எழுதினவங்க எழுதி அனுப்பினது எப்படியோ அப்படியே அச்சாகணும். ஒரு எழுத்து மாறக் கூடாது, வெட்டின கால்வாசியும் திரும்பி வரணும். ரெண்டு, இந்தக் கத்தரிக்கோல் இனிமே அந்தப் புத்தகத்துப் பக்கமே போகக் கூடாது.”

பென்சில் பெருக்கல் குறியின் மேலேயே அழுத்தமாகக் கையெழுத்து விழுந்தது.

தன் பட்டப்பெயர் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கத்தரிக்கோல் ஒரு கணம் விழித்தார். ஜெயிலர் என்றால் சும்மாவா, முன்கூட்டியே விசாரித்திருப்பார் என்று விட்டுவிட்டார். காகிதத்தைப் பறிக்காத குறையாக வாங்கிக்கொண்டு, காய்ந்தது காயாதது என்று கைக்கு அகப்பட்ட தாளையெல்லாம் வாரிக் கட்டிக்கொண்டு, கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார்.

வாசல் முகப்பைத் தாண்டுவதற்குள் சந்தோஷம் வடிந்துவிட்டது. எழுதினது எப்படியோ அப்படியே அச்சாக வேண்டும் என்கிறார். அவர் காதில் விழுந்தது என்ன? படகு, கப்பல், கலங்கரை விளக்கம், பையன் சாவு. நாளைக்குப் புத்தகம் கைக்கு வந்து, அதில் மஞ்சள் வேனும் உயிரோடு இருக்கிற பையனும் இருந்தால், பள்ளிக்கூடத்துக்கே நோட்டீஸ் விட்டவர் பதிப்பகத்தை விடுவாரா? கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டுவிட்டது. இதற்கு ஒரே வழிதான் இருந்தது. அவர் வாசித்ததுபோலவே நாவலை மாற்றிவிட வேண்டும்.

கேட்டருகே நின்று முதலாளியம்மாவுக்குப் போன் போட்டார். கையெழுத்து வாங்கியாயிற்று என்றார். அந்த அம்மாள் பெருமூச்சு விட்டு முடிப்பதற்குள், மெஷினை ஓட்ட வேண்டாம் என்றார். வேன் வருகிற இடமெல்லாம் படகாக வேண்டும், ரோட்டில் தண்ணீர் விட வேண்டும், கடைசியில் பையன் முழுகிச் சாக வேண்டும் என்று மளமளவென்று ஒப்பித்தார். ஒரு ராத்திரி உட்கார்ந்தால் போதும், தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். புத்தகத்துப் பக்கமே போகக் கூடாது என்ற நிபந்தனை அவருக்கு அப்போது நினைவில் இல்லை. மறுமுனையில் முதலாளியம்மா, எழுதின பெண் இதற்குச் சம்மதிப்பாளா என்று கேட்டார்.

“மின்மினியை நான் பார்த்துக்கறேங்க. சின்னப் பொண்ணுதானே, ரெண்டு அதட்டு அதட்டினா அடங்கிடும்.”

பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். திரும்பினார். ஜெயிலரின் மருமகள் நின்றுகொண்டிருந்தாள். அவர் விட்டுவிட்டு வந்த பதினோராம் அத்தியாயத்தின் கடைசித் தாள் அவள் கையில் இருந்தது, காய்ந்து, நீவிவிடப்பட்டிருந்தது.

“அதட்டறதுன்னா இப்பவே உள்ளே வந்து அதட்டிடுங்க சார்,” என்றாள் அவள். “ரெண்டு வருஷமா ஒளிஞ்சு ஒளிஞ்சு எழுதினதை ஒருத்தர் வாயால கேக்கப் போறோம்னு, காலையிலேர்ந்து புதுச் சட்டை போட்டுக்கிட்டு உக்காந்திருந்தார் எங்க மாமா.”